மென்திசு சார்கோமா: எந்த ஸ்கேன், எப்போது, எந்த வரிசையில்?

தசை, கொழுப்பு, நரம்பு, ரத்தக்குழாய், மூட்டைச் சுற்றியுள்ள நார்த்திசு ஆகியவற்றில் வரும் புற்றுநோய்க்கு மென்திசு சார்கோமா என்று பெயர். பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். அந்த ஒன்றுக்குள்ளேயே 50-க்கும் மேற்பட்ட வகைகள். சாதாரண, தீங்கில்லாத மென்திசுக் கட்டிகளோ இதைவிட நூறு மடங்குக்கு மேல் அதிகம். அதனால் ஊரில் இருக்கும் ஓர் அறுவை மருத்துவர் கொழுப்புக் கட்டிகளை எண்ணிக்கை இல்லாமல் எடுத்திருப்பார்; சார்கோமாவைத் தன் வாழ்நாளில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் பார்த்திருப்பார்.

இந்த நோயில் தவறு நடப்பது பெரும்பாலும் மெஷின் இல்லாததால் அல்ல. எம்.ஆர்.ஐ. இப்போது பல ஊர்களில் இருக்கிறது. தவறு நடப்பது வரிசை மாறுவதால். கட்டியை முதலில் வெட்டி எடுத்துவிட்டு, பயாப்ஸி (திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பரிசோதனை) ரிப்போர்ட்டில் சார்கோமா என்று வந்த பிறகு ஸ்கேனுக்கு ஓடுகிறார்கள். படம் முதலில், பயாப்ஸி ஊசி அடுத்தது, அறுவைக் கத்தி கடைசி. இந்த வரிசை ஏன் முக்கியம், ஒவ்வொரு படியிலும் எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டி. நோயாளிக்கும் கூடவே அலையும் வீட்டாருக்கும் எழுதியது. இளம் மருத்துவர்களுக்கும் சில இடங்கள் உதவலாம்.

படி 1: எந்தக் கட்டிக்கு ஸ்கேன் தேவை?

எல்லாக் கட்டிக்கும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டியதில்லை. இந்த ஐந்தில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடக் கூடாது: 5 செ.மீ.க்கு மேல் இருப்பது, தசைக்குள்ளோ தசைக்கு அடியிலோ ஆழமாக இருப்பது, வளர்ந்துகொண்டே இருப்பது, ஒருமுறை எடுத்த இடத்தில் மறுபடி வருவது, வலிக்க ஆரம்பிப்பது.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆக வேண்டும். "வலியே இல்லை டாக்டர், அதனால்தான் விட்டுவிட்டோம்" என்பது அடிக்கடி கேட்கும் வாசகம். மென்திசு சார்கோமா பெரும்பாலும் வலிக்காது. தொடையில் வலியில்லாமல் மெதுவாகப் பெருக்கும் கட்டி நிம்மதிக்குக் காரணமே இல்லை. வலி வந்தால் அது கூடுதல் எச்சரிக்கை, அவ்வளவுதான்.

ஆழத்தை வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். கட்டி உள்ள இடத்துத் தசையை இறுக்கிப் பாருங்கள். தசை தளர்வாக இருக்கும்போது நகர்ந்த கட்டி, இறுக்கியதும் அசையாமல் நின்றுவிட்டால் அது தோலடிக் கொழுப்பில் இல்லை, ஃபேஷியா என்கிற தசையுறைக்குக் கீழே இருக்க வாய்ப்பு அதிகம். ஒரு இன்ச் டேப்பில் அளந்து தேதியோடு குறித்து வையுங்கள். "போன தீபாவளிக்கு இவ்வளவு இருந்துச்சு" என்பதைவிட அந்தக் குறிப்பு மருத்துவருக்குப் பத்து மடங்கு பயன்படும்.

பலருக்குக் கட்டி தெரியவருவதே எங்காவது இடித்துக்கொண்ட பிறகுதான். அடிபட்டதால் கட்டி வந்தது என்று குடும்பமே முடிவு கட்டிவிடும். கட்டி முன்பே இருந்திருக்கும், அடிபட்டபோது கை அங்கே போயிருக்கும். அப்புறம் எண்ணெய் போட்டு நீவுவது, உருட்டுவது, கட்டுப் போடுவது என்று மாதங்கள் ஓடும். காரணம் தெரியாத கட்டியை யாரும் அழுத்தி நீவ வேண்டாம்.

படி 2: அல்ட்ராசவுண்டும் சாதாரண எக்ஸ்ரேயும்

முதல் படம் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். விலை குறைவு, கதிர்வீச்சு இல்லை, உடனே முடிவு. தோலுக்கு அடியில் இருக்கும் சிறிய கட்டிகளில் பெரும்பாலானவற்றின் கதை இங்கேயே முடிந்துவிடும். தோலுக்கு இணையாக மெல்லிய கோடுகள் ஓடும், அழுத்தினால் அமுங்கும், டாப்ளரில் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன் முறை) ரத்த ஓட்டம் ஏறக்குறைய இல்லாத கட்டி என்றால் கொழுப்புக் கட்டி. மணிக்கட்டில் தெளிவான நீர் நிறைந்தது கேங்லியன் என்கிற தீங்கில்லாத நீர்க்கட்டி. வீட்டுக்குப் போகலாம்.

ஆனால் இந்த ஸ்கேனுக்கு எல்லை உண்டு. ஆழமான கட்டியிலும் பெரிய கட்டியிலும் இதன் தீர்ப்பை நம்பி நிற்கக் கூடாது. ரிப்போர்ட்டில் "லைப்போமாவாக இருக்கலாம்" (லைப்போமா என்றால் கொழுப்புக் கட்டி) என்று எழுதியிருந்து, கட்டி தசைக்குள் 7 செ.மீ. இருந்தால், அந்த "இருக்கலாம்" போதாது. அடுத்த படிக்குப் போக வேண்டும்.

இந்தப் படியில் மூன்று பொறிகள் உண்டு.

முதலாவது, முழங்காலுக்குப் பின்னால் வரும் நீர்க்கட்டி. பேக்கர் சிஸ்ட் என்பது மூட்டிலிருந்து இரண்டு தசைநாண்களுக்கு நடுவே கழுத்துப்போல் ஒரு வழி வந்து பின்னால் பையாக வீங்குவது. அந்தக் கழுத்து ஸ்கேனில் தெரிய வேண்டும். கழுத்து தெரியாவிட்டால் அதைப் பேக்கர் சிஸ்ட் என்று எழுதக் கூடாது. சைனோவியல் சார்கோமா என்கிற வகை இளவயதில், முழங்காலை ஒட்டியே அதிகம் வருகிறது. உள்ளே நீர்ப்பகுதிகள் இருக்கும், ஓரம் வழவழப்பாக இருக்கும், சில நேரம் வருடக்கணக்கில் மெதுவாக வளரும். நீர்க்கட்டி என்று ஊசியால் உறிஞ்சப்படும் சார்கோமாக்களில் இதற்கு முதலிடம் கொடுக்கலாம்.

இரண்டாவது, ரத்தக்கட்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடும் முதியவருக்குத் தொடையில் ரத்தக்கட்டு வருவது இயல்புதான். ஆனால் பெரிய அடி எதுவும் இல்லாமல் வந்த ரத்தக்கட்டு, தோலில் கன்றிய நிறம் இல்லாத ரத்தக்கட்டு, ஆறு வாரத்தில் சுருங்காத ரத்தக்கட்டு என்றால் உள்ளே ரத்தம் கசியும் சார்கோமா ஒளிந்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். ரத்தக்கட்டு என்று எழுதி அனுப்பினால், மறுபடி எப்போது ஸ்கேன் என்ற தேதியையும் அந்த ரிப்போர்ட்டிலேயே எழுத வேண்டும். கரைந்துவிட்டது என்று கண்ணால் பார்க்கும் வரை அந்தக் கேள்வி முடிந்துவிடவில்லை.

மூன்றாவது, எக்ஸ்ரேயைத் தவிர்ப்பது. எம்.ஆர்.ஐ. காலத்தில் எக்ஸ்ரே எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சில நூறு ரூபாய்ச் செலவில் அது சொல்லும் சில விஷயங்களை எம்.ஆர்.ஐ. சரியாகச் சொல்லாது, சுண்ணாம்புப் படிவு அதில் முக்கியமானது. உருண்டையான சிறுசிறு கற்கள் தெரிந்தால் ரத்தக்குழாய்க் கட்டி, அதாவது ஹெமாஞ்சியோமா. அடிபட்ட சில வாரங்களில் ஓரத்தில் முட்டை ஓடுபோல எலும்பு படிந்து நடு மட்டும் வெறுமையாக இருந்தால் மயோசைட்டிஸ் ஆசிஃபிகன்ஸ், அதாவது தசைக்குள் எலும்பு படிவது; புற்றுநோய் அல்ல. இதே கட்டியை மூன்றாம் வாரத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தால் சுற்றிலும் பயங்கர வீக்கத்தோடு சார்கோமா போலவே மிரட்டும். பயாப்ஸி எடுத்தால் நோய்க்குறியியல் மருத்துவரையே குழப்பும். எக்ஸ்ரேயை இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி எடுத்தாலே தெளிவாகிவிடும். சைனோவியல் சார்கோமாவிலும் சுமார் மூன்றில் ஒருவருக்குச் சுண்ணாம்புப் புள்ளிகள் இருக்கும் என்பதால், புள்ளிகள் இருப்பதாலேயே சாதாரணக் கட்டி என்று சொல்லிவிட முடியாது.

படி 3: எம்.ஆர்.ஐ.

கை, கால், முதுகு, இடுப்பு ஆகிய இடங்களில் சார்கோமாவுக்கு அடிப்படைப் படம் இதுதான். பயாப்ஸிக்கு முன்னால் எடுத்தாக வேண்டும். ஊசி போட்டதும் உள்ளே ரத்தம் கசியும், வீக்கம் வரும். கட்டியின் உண்மையான எல்லை எது, ஊசியால் வந்த குழப்பம் எது என்று பிறகு பிரிக்க முடியாது.

இதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால் ஒரு வரலாறு இருக்கிறது. ஒருகாலத்தில் தொடையில் சார்கோமா என்றாலே காலை எடுப்பதுதான் சிகிச்சை. 1982-இல் அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 43 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வு வெளிவந்தது. ஒரு பிரிவினருக்குக் கால் அல்லது கை அகற்றம்; மற்றவர்களுக்குக் கட்டியை மட்டும் அகலமாக எடுத்து ரேடியேஷன். உயிர் பிழைப்பதில் இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதிலிருந்து உறுப்பைக் காப்பாற்றும் அறுவைதான் வழக்கம். ஆனால் காலை வைத்துக்கொண்டு கட்டியை மட்டும் எடுக்க வேண்டுமானால் கட்டி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, தொடை நரம்புக்கும் தமனிக்கும் எவ்வளவு தூரம் என்பது மில்லிமீட்டர் கணக்கில் தெரிய வேண்டும். அந்த வரைபடத்தைத் தருவது எம்.ஆர்.ஐ.

ஸ்கேனுக்குப் போகும்போது கவனிக்க வேண்டியவை: பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காதுக்குள் வைத்த கருவி, கண்ணில் உலோகத் துகள் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். கடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் மருந்து நரம்பு வழியாகப் போடுவார்கள். அதற்கு முன் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று அறிய ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பார்கள். சிறுநீரகம் மிகவும் பலவீனமானவர்களுக்கு அந்த மருந்தைப் போடுவதா என்று யோசித்து முடிவெடுக்க வேண்டும். கர்ப்பமாக இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். பழைய ஃபிலிம், பழைய ஆபரேஷன் குறிப்பு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

ஸ்கேன் எடுக்கச் சொல்லி மருத்துவர் எழுதி அனுப்பும் சீட்டில் பல நேரம் "தொடை வீக்கம்" என்று இரண்டே சொல் இருக்கும். எந்தத் தொடை, எந்தப் பக்கம், எத்தனை மாதம், முன்பு வெட்டியதா, ஒன்றும் இருக்காது. கட்டி எங்கே தெரிகிறது என்று விரலால் தொட்டுக் காட்டுங்கள். டெக்னீஷியன் அந்த இடத்தில் வைட்டமின் ஈ மாத்திரை ஒன்றைத் தோலில் ஒட்டுவார். உள்ளே எண்ணெய் இருப்பதால் அது படத்தில் பளிச்சென்று தெரியும். கட்டியை அழுத்தாமல் அதன் மேல் முனையிலும் கீழ் முனையிலும் ஒவ்வொன்று ஒட்டுவது நல்லது. பெரிய கட்டி என்றால் மேல் மூட்டிலிருந்து கீழ் மூட்டு வரை ஒரு நீளப்படமாவது இருக்க வேண்டும். சில வகைகள் முதன்மைக் கட்டியைத் தாண்டித் தள்ளி இன்னொரு புள்ளியில் இருக்கும்.

படம் வந்த பிறகு ரேடியாலஜிஸ்ட், அதாவது ஸ்கேன் படங்களைப் படிக்கும் மருத்துவர், என்ன பார்க்கிறார்? டி1 என்ற வகைப் படத்தில் கொழுப்பும் சில வகை ரத்தமும் வெளுப்பாகத் தெரியும். டி2 படத்தில் நீர் வெளுக்கும். கொழுப்பை மறைத்து எடுக்கும் படங்களில் சாதாரணக் கொழுப்பு கறுத்துவிடும், வீக்கமும் கட்டியும் மின்னும். கான்ட்ராஸ்ட் போட்ட பிறகு உயிரோட்டம் உள்ள பகுதி வெளிச்சமாகும், அழுகிய பகுதி இருட்டாகவே நிற்கும். இந்த வேறுபாடுகளைச் சேர்த்துப் பார்த்துத்தான் ஒரு யூகத்துக்கு வருகிறோம்.

முழுக்க முழுக்கக் கொழுப்பாக, கொழுப்பு மறைப்பில் முழுமையாகக் கறுத்துப் போகும் கட்டி லைப்போமா. அதற்குள் 2 மி.மீ.க்கு மேல் தடித்த தடுப்புகள், கொழுப்பில்லாத முடிச்சுகள் இருந்து, ஆழமாகவும் 10 செ.மீ.க்கு மேலும் இருந்தால் அது வீரியம் குறைந்த லைப்போசார்கோமாவாக, அதாவது கொழுப்புத்திசுவில் வரும் சார்கோமாவாக இருக்கலாம். கை, கால்களில் இருக்கும்போது இதை அடிபிகல் லைப்போமட்டஸ் ட்யூமர் என்பார்கள். அடிபட்டு உள்ளே கொழுப்பு செத்துப்போன லைப்போமாவும் இதேபோல் தெரியும் என்பதால், இறுதி முடிவு எம்.டி.எம்.2 என்ற மரபணுப் பெருக்கப் பரிசோதனையில்தான்.

மிக்ஸாய்டு லைப்போசார்கோமா இன்னும் கபடமானது. பெயரில் கொழுப்பு இருக்கும், படத்தில் கொழுப்பே தெரியாமலும் இருக்கலாம். உள்ளே வழவழப்பான கூழ் இருப்பதால் டி2-இல் தூய நீர்போல மின்னும். கான்ட்ராஸ்ட் போடாமல் பார்த்தால் நீர்க்கட்டி என்றுதான் தோன்றும். கான்ட்ராஸ்ட் போட்டால் உள்ளே முழுக்க வெளிச்சம் ஏறும். நீர்க்கட்டி என்றால் ஓரம் மட்டும்தான் ஏறும். "செலவைக் குறைக்க கான்ட்ராஸ்ட் வேண்டாம்" என்று சொல்வதில் உள்ள ஆபத்து இதுதான்.

ஆல்வியோலர் சாஃப்ட் பார்ட் சார்கோமா மிக மிக அரிது. பதின்வயதிலும் இளவயதிலும் வருகிறது, பெரியவர்களுக்குத் தொடையில் அதிகம். ரத்த ஓட்டம் பாயும் தடித்த குழாய்கள் கட்டிக்குள்ளும் சுற்றிலும் கறுப்புக் கோடுகளாகத் தெரியும். டி1 படத்தில் தசையைவிட வெளுப்பாக இருக்கும். ரத்தக்குழாய்க் கோளாறு என்று எழுதிவிடுவது எளிது. முதியவர்களுக்குத் தோலடியில் வரும் மிக்ஸோஃபைப்ரோசார்கோமாவுக்கு வேறு குணம்: தசையுறை வழியாக மெல்லிய வால் நீண்டு ஓடும். கையால் தொட்டால் அந்த வால் தெரியாது. அதை விட்டுவிட்டு உருண்டையை மட்டும் எடுத்தால் அதே இடத்தில் திரும்ப வரும். வால் எங்கே முடிகிறது என்று எழுதாத ரிப்போர்ட் அறுவை மருத்துவருக்கு அரைகுறை ரிப்போர்ட்தான்.

இத்தனையும் சொன்னாலும், பெரும்பாலான சார்கோமாக்களில் எம்.ஆர்.ஐ. வகையின் பெயரைச் சொல்லாது. இடத்தையும் பரவலையும் சொல்லும், சந்தேகத்தைச் சொல்லும். பெயர் வைப்பது பயாப்ஸியின் வேலை.

படி 4: ரிப்போர்ட்டைப் படிப்பது

கையில் ரிப்போர்ட் வந்ததும் இவை இருக்கின்றனவா பாருங்கள்: மூன்று திசையிலும் அளவு, தசையுறைக்கு மேலா கீழா, எந்தத் தசை, எந்தத் தசை அறை, முக்கிய நரம்பு, தமனி, சிரை ஆகியவற்றைத் தொடுகிறதா, சுற்றிப் பிடித்திருக்கிறதா, எலும்பையும் மூட்டையும் தொடுகிறதா, சுற்றியுள்ள வீக்கம் எதுவரை. தொடையில் முன், பின், உள் என்று மூன்று தசை அறைகள் உண்டு. கட்டி ஓர் அறைக்குள் அடங்கியிருக்கிறதா, இரண்டுக்குப் பரவிவிட்டதா என்பது அறுவையின் அளவையே மாற்றும்.

அளவு வெறும் விவரம் அல்ல. கை, கால் சார்கோமாவுக்கு நோய் எந்த நிலை என்று பிரிக்க இப்போது பயன்படும் நிலைப் பகுப்பில் 5, 10, 15 செ.மீ. என்பவை எல்லைக் கோடுகள்.

இன்னொன்று. ஃபிலிம் மட்டும் வாங்கி வராதீர்கள். முழுப் படங்களும் உள்ள சிடி அல்லது லிங்க் கேட்டு வாங்குங்கள். வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்கும்போது ஃபிலிமில் அச்சிட்ட சில டஜன் படங்களை வைத்துச் சரியாகச் சொல்ல முடியாது. நூற்றுக்கணக்கான மூலப் படங்கள் வேண்டும். இந்த நோயில் இரண்டாவது கருத்துக் கேட்பது முதல் மருத்துவரை அவமதிப்பது அல்ல. அரிய நோயில் அது வழக்கமான நடைமுறை.

படி 5: பயாப்ஸி எந்த வழியாக?

பயாப்ஸியை ஸ்கேன் கட்டுரையில் ஏன் சேர்க்கிறேன்? ஊசி போகும் பாதையைத் தீர்மானிப்பது படம் என்பதால்.

அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர் ஹென்றி மேன்கின் 1982-இலும் மறுபடி 1996-இலும் பயாப்ஸியால் விளையும் கேடுகளைக் கணக்கெடுத்து வெளியிட்டார். சிகிச்சை நடக்கப்போகும் மையத்தில் அல்லாமல் அனுப்பி வைக்கும் இடத்திலேயே பயாப்ஸி எடுத்தால், தவறுகளும் சிக்கல்களும் 2 முதல் 12 மடங்கு வரை அதிகம் என்பது இரண்டாம் கணக்கெடுப்பின் முடிவு. இடையில் பல ஆண்டுகள் ஓடியும் நிலைமை பெரிதாக மாறவில்லை என்று கண்டதுதான் அவரை உறுத்தியது. தேவையில்லாமல் கால் இழந்தவர்களும் அந்தக் கணக்கில் இருந்தார்கள்.

காரணம் எளிது. ஊசி போன பாதையில் கட்டியின் செல்கள் சிந்தியிருக்கலாம் என்று கருதி, பிறகு அறுவை செய்யும்போது அந்தப் பாதையையும் சேர்த்து எடுப்பார்கள். முன் தொடைக் கட்டிக்குப் பின்பக்கம் வழியாக ஊசி போட்டால் தேவையில்லாமல் இன்னொரு தசை அறை கெட்டுப்போகிறது. ஆகவே ஊசி போடுபவரும் வெட்டப்போகும் மருத்துவரும் முதலில் எம்.ஆர்.ஐ.யை ஒன்றாகப் பார்த்துப் பாதையைப் பேசிக்கொள்ள வேண்டும். மிகக் குறுகிய வழி எப்போதும் சரியான வழி அல்ல.

நம் ஊரில் கட்டி என்றாலே மெல்லிய ஊசியால் எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. செய்துவிடுகிறார்கள். கழுத்து நெறிகட்டிக்கு அது நல்ல பரிசோதனை. சார்கோமாவுக்கு அது பெரும்பாலும் போதாது. சில செல்கள் கிடைக்கும், வகையும் வீரியமும் தெரியாது. வேண்டியது தடித்த ஊசியால், அல்ட்ராசவுண்ட் அல்லது சி.டி. வழிகாட்டலில் எடுக்கும் கோர் பயாப்ஸி. எம்.ஆர்.ஐ.யில் கான்ட்ராஸ்ட் ஏறிய திடப் பகுதியைக் குறிவைத்து நான்கைந்து துண்டுகள் எடுப்பார்கள். நடுவில் அழுகிய இடத்தில் எடுத்தால் "செத்த திசு மட்டுமே உள்ளது" என்று ரிப்போர்ட் வரும், அலைச்சல் இரட்டிப்பாகும். "ஊசி குத்தினால் புற்றுநோய் உடம்பெல்லாம் பரவிவிடும்" என்று பயந்து பயாப்ஸியையே மறுப்பவர்கள் இருக்கிறார்கள். சரியான பாதையில் திட்டமிட்டு எடுக்கும் கோர் பயாப்ஸிக்கு அப்படிப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது திட்டமில்லாத வெட்டுக்குத்தான்.

படி 6: வேறு எங்கே பார்க்க வேண்டும்?

சார்கோமா பரவினால் முதலில் போகும் இடம் பெரும்பாலும் நுரையீரல். அதனால் நெஞ்சு சி.டி. கட்டாயம். அதற்குக் கான்ட்ராஸ்ட் அவசியமில்லை. நம் நாட்டில் பழைய காசநோயின் தழும்புப் புள்ளிகள் பலர் நுரையீரலில் இருக்கும். சுண்ணாம்பு படிந்த புள்ளி பெரும்பாலும் பழைய தழும்பு. சில மி.மீ. அளவில் சந்தேகமான புள்ளி என்றால் உடனே நான்காம் நிலை என்று முடிவு கட்டாமல், சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்து மறுபடி சி.டி. எடுத்து வளர்கிறதா என்று பார்ப்பார்கள். பழைய எக்ஸ்ரே, சி.டி. எதுவாவது வீட்டில் இருந்தால் அதைத் தேடி எடுங்கள். ஐந்து வருடம் முன்பும் அதே புள்ளி அதே அளவில் இருந்தால் நிம்மதி.

வகைக்கு ஏற்ப மற்ற இடங்கள் மாறும். மிக்ஸாய்டு லைப்போசார்கோமா நுரையீரலை விட்டுவிட்டு முதுகெலும்பு, வயிற்றின் பின்பகுதி, உடலின் வேறு கொழுப்புப் பகுதிகளுக்குப் போகும் பழக்கம் உள்ளது. அதற்கு முதுகெலும்பு எம்.ஆர்.ஐ. அல்லது முழு உடல் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். ஆல்வியோலர் சாஃப்ட் பார்ட் சார்கோமா மூளைக்குப் போகும், மூளை எம்.ஆர்.ஐ. வேண்டும். இளைஞர்களுக்குக் கையில், விரலில் ஆறாத புண்போல வரும் எபிதீலியாய்டு சார்கோமா, அப்புறம் ரேப்டோமயோசார்கோமா, கிளியர் செல் சார்கோமா, ஆஞ்சியோசார்கோமா ஆகியவை நெறிகட்டிகளுக்குப் போகக்கூடியவை. வகை தெரியாமல் "முழு உடம்புக்கும் ஸ்கேன்" எடுப்பதில் பயன் குறைவு என்பதற்கு இதுவே காரணம்.

பெட் சி.டி. பற்றி என் கருத்து: தேவைக்கு மேல் எழுதப்படுகிறது. விலை அதிகமான ஸ்கேன் என்பதால் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நம்புகிறார்கள். சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் இடங்களைத்தான் அது காட்டும். வீரியம் குறைந்த சார்கோமாவும் மிக்ஸாய்டு வகையும் அதிகம் உறிஞ்சாததால் மங்கலாகவே இருக்கும். காசநோய், சீழ்க்கட்டி, ஆறும் காயம் எல்லாம் பளிச்சென்று எரியும். ஆனால் அது நிஜமாகவே உதவும் இடம் ஒன்று உண்டு. நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை என்ற மரபணு நோய் உள்ளவர்களுக்கு உடம்பெல்லாம் நரம்புக் கட்டிகள் இருக்கும். அவற்றில் ஒன்று புற்றுநோயாக மாறும் அபாயம் அவர்கள் வாழ்நாளில் சுமார் 8 முதல் 13 சதவீதம். எத்தனையோ கட்டிகளில் எது மாறியது என்று கண்டுபிடிக்க, எந்தக் கட்டியில் எங்கே ஊசி போடலாம் என்று தீர்மானிக்க, பெட் சி.டி. நல்ல துணை.

வயிற்றுக்குள் என்றால் கணக்கே வேறு

வயிற்றின் பின்பகுதியில், சிறுநீரகத்தைச் சுற்றி வரும் சார்கோமா 20 செ.மீ. தாண்டியும் தெரியாமல் வளரும். தொந்தி என்று நினைத்திருப்பார்கள். இங்கே முதன்மைப் படம் கான்ட்ராஸ்ட் போட்ட சி.டி. பெரும்பாலும் லைப்போசார்கோமா அல்லது மென்தசையில் வரும் லியோமயோசார்கோமா. கொழுப்பாகத் தெரியும் பெரிய கட்டிக்குள் கொழுப்பில்லாத திடமான பகுதி இருந்தால் அங்கேதான் நோய் வீரியமாக மாறியிருக்கிறது. பயாப்ஸி ஊசி அங்கேதான் போக வேண்டும், அதுவும் முதுகுப் பக்கமாக, வயிற்றறையைத் துளைக்காமல். கட்டியோடு ஒரு சிறுநீரகத்தையும் எடுக்க நேரலாம் என்பதால் மறு சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறதா என்பதும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும்.

கர்ப்பப்பை நார்க்கட்டிக்கு லேப்ராஸ்கோப்பியில் கட்டியை உள்ளேயே துண்டு துண்டாக்கி எடுக்கும் முறையில், தெரியாமல் சார்கோமா இருந்தால் வயிறு முழுக்கச் சிதறிவிடும். நார்க்கட்டிக்கு அறுவை செய்துகொள்ளும் பெண்களில் சுமார் 350 பேரில் ஒருவருக்கு எதிர்பாராத சார்கோமா இருக்கலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014-இல் எச்சரித்தது. மாதவிலக்கு நின்ற பிறகும் வளரும் நார்க்கட்டிக்கு எம்.ஆர்.ஐ. கேட்பது நியாயமான கேள்வி.

இரைப்பை, குடல் சுவரில் வரும் ஜிஸ்ட் என்ற சார்கோமா வகை தனிக் கதை. இமாட்டினிப் மாத்திரை தொடங்கிய பின் கட்டி செத்துக் கூழாகும். அளவு குறையாமலோ சற்றுப் பெரிதாகவோ கூடத் தெரியும். அளவை மட்டும் பார்ப்பவர் மருந்து வேலை செய்யவில்லை என்பார். 2007-இல் வந்த சோய் அளவுகோல், அளவில் 10 சதவீதமோ சி.டி. அடர்த்தியில் 15 சதவீதமோ குறைந்தால் மருந்து கேட்கிறது என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. வேலை செய்யும் மருந்தை ஒரு ரிப்போர்ட்டால் நிறுத்திவிடாமல் காப்பாற்றிய அளவுகோல் அது.

ஏற்கெனவே வெட்டி எடுத்தாகிவிட்டதா?

கொழுப்புக் கட்டி என்று எடுத்தார்கள், ரிப்போர்ட்டில் சார்கோமா என்று வந்துவிட்டது. இது உலகம் முழுக்க நடப்பதுதான். யாரைத் திட்டுவது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதல் வேலை, ஆய்வகத்திலிருந்து பாரஃபின் பிளாக் (மெழுகில் பதித்த திசுத் துண்டு), கண்ணாடி ஸ்லைடு, ஆபரேஷன் குறிப்பு, அறுவைக்கு முன் எடுத்த எந்த ஸ்கேன் இருந்தாலும் அது, எல்லாவற்றையும் வாங்குவது. அடுத்தது, மறுபடி வேறொருவர் "மிச்சத்தைச் சுரண்டி" எடுக்க விடாமல் சார்கோமா பார்க்கும் மையத்துக்குப் போவது. இப்படி எடுத்தவர்களில் கணிசமானவர்களுக்கு உள்ளே மிச்சம் இருக்கிறது என்பதால் பெரும்பாலும் இரண்டாவது அறுவை உண்டு. அதற்கு முன் கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். ஆறும் காயமும் மிச்சக் கட்டியும் ஒன்றுபோலவே வெளுக்கும்; முடிச்சாக, உருண்டையாக வெளுத்தால் மிச்சம் என்ற சந்தேகம் வலுக்கும். படம் சுத்தமாக இருந்தாலும் நுண்ணிய மிச்சம் இல்லை என்று அர்த்தமில்லை. தழும்பும், வடிகால் குழாய் வைத்த ஓட்டையும் அந்தப் படத்தில் அடங்க வேண்டும். இரண்டையும் சேர்த்துத்தான் அடுத்த முறை எடுப்பார்கள்.

எங்கே போவது? தமிழ்நாட்டில் அடையாறு புற்றுநோய் மையம், வேலூர் சி.எம்.சி., பக்கத்தில் புதுச்சேரி ஜிப்மர். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை. இலங்கையில் மகரகம அபேக்ஷா மருத்துவமனை. எங்கே போனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: "ரேடியாலஜி, நோய்க்குறியியல், அறுவை, ரேடியேஷன், கீமோ மருத்துவர்கள் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து எங்கள் கேஸைப் பேசுவீர்களா?" அந்தக் கூட்டத்தை ட்யூமர் போர்டு என்பார்கள். ஆம் என்றால் சரியான இடம்.

சிகிச்சைக்குப் பிறகு

அறுவைக்கு முன் ரேடியேஷன் கொடுத்திருந்தால், அது முடிந்து சில வாரம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். மிக்ஸாய்டு லைப்போசார்கோமா நன்றாகச் சுருங்கும். மற்ற பல வகைகள் சுருங்காது. உள்ளே ரத்தமும் அழுகலும் சேர்ந்து பெரிதாகக்கூடத் தெரியும். நெஞ்சில் புதிதாக எதுவும் இல்லாமல், கட்டி மட்டும் சற்றுப் பெருத்தது என்றால் பதற வேண்டாம். கான்ட்ராஸ்ட் ஏறும் பகுதி குறைந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

அறுவை முடிந்து சுமார் மூன்று மாதத்தில் ஓர் அடிப்படை எம்.ஆர்.ஐ. எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வரும் எல்லாப் படங்களையும் அதோடுதான் ஒப்பிடுவார்கள். வீரியமான சார்கோமா என்றால் முதல் இரண்டு மூன்று வருடம் 3 அல்லது 4 மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஐந்தாம் வருடம் வரை 6 மாதத்துக்கு ஒருமுறை, அதன் பிறகு வருடத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான வழக்கம். ஒவ்வொரு முறையும் இரண்டு இடம்: கட்டி இருந்த இடம், நுரையீரல். நுரையீரலுக்குச் சி.டி.யா எக்ஸ்ரேயா என்பது வீரியத்தைப் பொறுத்தது. வாழ்நாளில் சேரும் கதிர்வீச்சைக் கருதி, இளம் நோயாளிகளுக்குக் குறைந்த கதிர்வீச்சுச் சி.டி. எடுக்கச் சொல்லிக் கேட்கலாம்.

முடிந்தவரை ஒரே சென்டரில், ஒரே மாதிரி முறையில் எடுங்கள். ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் எடுத்தால் 4 மி.மீ. புள்ளி 6 மி.மீ. ஆனது வளர்ச்சியா, மெஷின் வித்தியாசமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தழும்பை மாதம் ஒருமுறை குளிக்கும்போது விரலால் தடவிப் பாருங்கள். அடுத்த ஸ்கேன் தேதி இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்பதற்காக, கைக்குத் தட்டுப்பட்ட புது முடிச்சை அதுவரை வைத்திருக்க வேண்டாம். அன்றைக்கே போன் செய்து அப்பாயின்ட்மென்ட்டை முன்னால் மாற்றிக்கொள்ளுங்கள்.